வண்டி ஓடும்போது பேசாதவர்

சாம்ராஜ் சித்தப்பாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே எழுந்து ஜன்னலைத் திறப்பார், உட்காருவார், மறுபடி எழுந்து மூடுவார். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் வெளியே போய், நிறுத்தி வைத்திருக்கும் சைக்கிள்களில் எதற்கெல்லாம் காற்று குறைவு என்று அமுக்கிப் பார்த்துவிட்டு வருவார். 2001 மார்ச்சில் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் வேலை இல்லை என்று ஆன பிறகு இது முற்றிவிட்டது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் ஸ்கெலட்டன் பகுதி லைன் வீடுகளில் ஆண்கள் பகலெல்லாம் வீட்டில் இருந்தார்கள். சிலர் சீட்டாடினார்கள். சிலர் யூனியன் ஆபீசுக்குப் போய் அதே செய்தியைக் கேட்டுவிட்டு வந்தார்கள். சித்தப்பா வீட்டில் இருந்த பொருள்களையெல்லாம் கழற்றி மாட்டினார். ஃபேன் முடிந்தது, தையல் மிஷின் முடிந்தது. பியாட்ரிஸ் சித்தி மிக்சியைத் துணி அலமாரியில் ஒளித்து வைத்தார்.

"அது நல்லாத்தானே ஓடுது, அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார் சித்தி.

"சத்தம் ஒரு மாதிரி வருது."

"உங்களாலதான் இந்த வூட்ல எல்லாம் ஒரு மாதிரி சத்தம் வருது."

அப்படிப்பட்டவர் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து வேலை செய்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். அவர் வைண்டிங் டிரைவர். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றுக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அந்த கேஜை மேலே இருந்து இயக்கும் பெரிய இன்ஜின் அவர் கையில் இருந்தது. ஒரு கையில் பிரேக் லீவர், இன்னொரு கையில் கன்ட்ரோல் லீவர். எதிரே கேஜ் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் முள். கீழே இருப்பவர்களை அவர் பார்க்க முடியாது. மணிச் சத்தம் மட்டும் வரும். மூன்று தடவை அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள். ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து. ஏன் என்று கேட்கக் கூடாது. முதலில் நிறுத்த வேண்டும், காரணம் பிறகு வரும்.

இன்னொரு விதியும் இருந்தது. கேஜ் ஓடும்போது டிரைவரிடம் யாரும் பேசக் கூடாது, அவரும் பேசக் கூடாது. மேனேஜரே உள்ளே வந்தாலும் கேஜ் நிற்கும் வரை சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சித்தப்பாவுக்கு அது வேலை விதியாக மட்டும் இருக்கவில்லை, உடம்போடு சேர்ந்துவிட்டது. லீவு நாட்களில் கல்யாணங்களுக்கு அம்பாசடர் ஓட்டுவார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய் மூடிக்கொள்ளும். "டிரைவருக்கு நம்ம மேல இன்னா கோவம்?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். வண்டி நின்றதும் இறங்கி எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுவார். அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

ஜூலை மாதம் ஐடா அத்தை ஒரு வேலையோடு வந்தார். அத்தை சித்தப்பாவுக்கு அக்கா. பெங்களூரில் சௌந்தரராஜன் என்பவர் வீட்டில் அவருடைய அம்மா பார்வதம்மாவைக் கவனித்துக்கொள்கிறார். சௌந்தரராஜனின் அப்பா இங்கே பெரிய இன்ஜினியரிங் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். மகன் இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருக்கிறார், ஜெர்மன் கார் வைத்திருக்கிறார். டிரைவர்தான் இல்லை, ஊருக்குப் போய்விட்டான்.

"சனிக்கிழமை அம்மாவும் புள்ளையும் நம்ம ராபர்ட்சன்பேட்டைக்கு வர்றாங்க," என்றார் அத்தை. "சார் அவங்க அப்பாவோட ஃபிரெண்டுங்களைப் பாப்பாரு. அம்மா பூதிகோட்டையில தங்கச்சி வூட்டுக்குப் போகணும். நீ ஓட்டிக்கினு போ. புடிச்சிருந்தா வேலை உனக்கு."

"எவ்ளோ பெரிய வண்டி?"

"பெருசு. நீ வாயை மட்டும் தொற. டிரைவர் கே.ஜி.எஃப்.ல இருந்துதான் வேணும்னு அந்தம்மாதான் கேட்டாங்க."

எதற்காக அப்படிக் கேட்டார் என்பது அத்தைக்கும் அப்போது தெரியாது.

சித்தப்பா அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை என்று சித்தி சொன்னார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று எனக்கே பயமாக இருந்தது. கையில் வேலை இல்லாத மனிதர் எப்படி ஆகிறார் என்று எங்கள் லைனில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு நான் காரில் இல்லை. அத்தையும் சித்தப்பாவும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் அத்தையை நம்பியிருக்கிறேன். சித்தப்பா ரோட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சௌந்தரராஜன் அவசரத்தில் இருந்தார். "ஆட்டோமேட்டிக் ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஓட்டியிருக்கேன் சார்," என்றார் சித்தப்பா. அது பொய். தெரியாது என்று சொன்னால் அந்த இடத்திலேயே வேலை போய்விடும் என்று நினைத்தார்.

"அப்ப ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் வண்டியே பாத்துக்கும். பிரேக்கை மிதிச்சிட்டு D-யில போடுங்க, போதும்." சாவியைக் கையில் வைத்துவிட்டு நண்பர் வீட்டுக்குள் போய்விட்டார்.

பார்வதம்மா பின்னால் ஏறினார். சால்வை போர்த்தியிருந்தார். பக்கத்தில் அத்தை. சித்தப்பா உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கிளச் இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஹேண்ட் பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டியும் கைவைக்கும் மெத்தையும் இருந்தன. டாஷ்போர்டு முழுக்கப் பட்டன்கள். ஒன்றில் காற்றாடிப் படம், ஒன்றில் கால் பக்கம் காட்டும் அம்பு, ஒன்றில் நட்சத்திரம் மாதிரி ஏதோ. எழுத்தே இல்லை. இன்ஜின் சத்தமில்லாமல் ஓடியது. D-யில் போட்டார். நகரவில்லை. எதிரே சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது.

"கெளம்பலாமேப்பா," என்றார் பார்வதம்மா.

"ஒரு நிமிஷம்மா."

பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாத மிஷினை அவர் வாழ்க்கையில் தொட்டதில்லை. மறுபடி P-யில் போட்டுவிட்டு இறங்கி, கதவுக்கு வெளியே மண்டியிட்டு, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே விட்டுப் பார்த்தார். கிளச் இருக்க வேண்டிய பக்கத்தில், ஓரமாக, சின்னதாக ஒரு பெடல் கீழே அமுங்கிக் கிடந்தது. டாஷ்போர்டின் அடியில் கைப்பிடி ஒன்று. இழுத்தார். டொப் என்று பெடல் மேலே வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"இன்னாடா தேடற?" என்றார் அத்தை.

"பிரேக்கு. காலால போட்டு கையால எடுக்கறான். ஏன் இப்படி வெச்சிருக்கான்னு தெரியல."

ஏறி D-யில் போட்டதும் வண்டி நகர்ந்தது. சித்தப்பாவின் வாய் மூடியது.

பங்காருபேட்டை ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது பார்வதம்மா ஆரம்பித்தார். "உங்க வீடு எங்கப்பா?"

பதில் இல்லை.

"எத்தனை பசங்க?"

பதில் இல்லை. அத்தை பின்னாலிருந்து சித்தப்பாவின் தோளைக் கிள்ளினார். அவர் அசையவில்லை.

"குளிருதுப்பா. அந்த ஏசியைக் கொஞ்சம் குறைக்கிறியா?"

அதற்கும் இல்லை. பார்வதம்மா சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "ஐடா, உன் தம்பிக்குக் காது கேக்குமா?"

"நல்லா கேக்கும்மா."

"அப்போ வாயிலதான் ஏதோ கோளாறு."

அத்தைக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. "அவன் மைன்ஸ்ல கேஜ் ஓட்டினவன்மா. ஓட்டும்போது பேச மாட்டான்."

"இது கேஜு இல்லையே. பேசறதுக்குத்தானே நான் டிரைவர் கேட்டேன்," என்றார் பார்வதம்மா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது என்று அத்தை முடிவு செய்துவிட்டார். அதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தாராம்.

பங்காருபேட்டை கடைத்தெருவுக்குள் நுழையும்போது தூறல் விழுந்தது. கண்ணாடியில் துளி பட்டதும் வைப்பர் தானாக எழுந்து ஒரு வீச்சு வீசியது. யாரும் எதையும் தொடவில்லை. யார் கையும் படாமல் மிஷின் தானே அசைந்தால் சுரங்கத்தில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். சித்தப்பா திடுக்கிட்டார். அதே நேரத்தில் எதிரே ஒரு பஸ் சந்திலிருந்து வெளியே வந்தது. அவருடைய இடது கால், அம்பாசடரில் பழகின கால், கிளச்சைத் தேடிப் போய் ஓங்கி மிதித்தது. அங்கே கிளச் இல்லை. அந்தச் சின்ன பெடல்தான் இருந்தது. வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. உள்ளே எங்கேயோ டிங் என்று ஒரு மணி அடித்தது.

ஒரே ஒரு மணி.

சித்தப்பா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி கல்லாக உட்கார்ந்துவிட்டார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "ஏன்ரீ, காடி தெகீரி!" என்று வண்டியை எடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். ரோட்டோரம் பூ விற்கிற அம்மா, "மாளிகை மாதிரி காரை வாங்கி நடுரோட்டுல குந்த வெச்சுக்கினு கீறாங்க பாரு," என்றார்.

"டேய், எடுடா!" என்றார் அத்தை.

"மணி அடிச்சுதுக்கா."

"எந்த மணி? கேட்டு மூடறானா?" என்று பார்வதம்மா ரயில்வே கேட் இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வண்டிக்குள்ளம்மா. ஒரு மணின்னா நிறுத்தணும். ஏன் அடிச்சுதுன்னு தெரியாம எடுக்க மாட்டேன்." வண்டி நின்றுவிட்டது அல்லவா, அவர் தலையைத் திருப்பி வரிசையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். "வூடு ஸ்கெலட்டன்மா. ரெண்டு பொண்ணுங்க, பெரியவ ஒன்பதாவது. ஏசி எந்த பட்டன்னு தெரியலம்மா, தெரியாத பட்டனை ஓட்டத்துல தொட மாட்டேன். மன்னிச்சுக்கோங்க."

பார்வதம்மாவின் வாய் திறந்தபடி இருந்ததாம். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சிரிப்பு நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அத்தைக்குத் தெரியவில்லை.

சித்தப்பா மறுபடி எதிரே பார்த்தார். காலையில் எரிந்த அதே சிவப்பு விளக்கு. தன் கால் அந்தச் சின்ன பெடலை மிதித்ததால்தான் மணி அடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. கைப்பிடியை இழுத்தார், டொப் என்று விட்டது. வண்டியை டீக்கடைக்குப் பக்கத்தில் ஓரம் கட்டி P-யில் போட்டு இன்ஜினை அணைத்தார். இறங்கி, பின்கதவுக்கு வெளியே தூறலில் நின்றார்.

"அம்மா, சார்கிட்ட நான் சொன்னது பொய். இந்த மாதிரி வண்டி நான் ஓட்டினதே இல்ல. வேலை போயிடும்னு சொல்லிட்டேன். நீங்க வேணாம்னா இங்கயே டாக்சி பிடிச்சு அனுப்பிடறேன். வண்டியை நின்ன இடத்துலயே வெச்சிக்கினு காவல் இருக்கேன்."

பார்வதம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நனையாதப்பா. உள்ள ஏறு. எனக்கு டாக்சி வேணாம், ஏசிதான் வேணாம். அதை முதல்ல நிறுத்து."

அந்த வண்டி வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். ஏறும்போதெல்லாம் குளிர். பழைய டிரைவரிடம் சொன்னால், "எல்லாம் ஆட்டோமேட்டிக் மேடம், ஒண்ணும் பண்ண முடியாது," என்று இந்தியில் சொல்வானாம். அதற்காகவே வெயில் காலத்திலும் சால்வை எடுத்துக்கொண்டு வருவாராம்.

மூவரும் சேர்ந்து தேட ஆரம்பித்தார்கள். வண்டி நின்றுகொண்டிருந்ததால் சித்தப்பாவுக்குப் பயம் இல்லை. இன்ஜினை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு பட்டனாக அமுக்கினார். என்ன மாறுகிறது என்று சத்தமாகச் சொன்னார். காற்றாடிப் படம் காற்றைக் கூட்டியது. அம்பு காலுக்குத் திருப்பியது. இன்னொன்றை அமுக்கியதும் அவருடைய சீட்டு தானாக முன்னால் நகர்ந்து அவரை ஸ்டியரிங்கோடு நசுக்கப் பார்த்தது. அத்தை கத்தினார். டீக்கடையில் நின்றவர்கள் கிளாசோடு வந்து ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். "இன்னாண்ணே, ஏரோபிளேனா?" என்று ஒருவர் கேட்டார். ஸ்டியரிங் பக்கத்துக் குச்சியை ஒரு படி கீழே தள்ளியதும் வைப்பர் தன்னிஷ்டத்துக்கு ஆடுவதை விட்டுவிட்டது. மற்ற படிகளெல்லாம் சாதாரண வைப்பர்தான்.

ஏசிக்கு வழியைக் கண்டுபிடித்தவர் பார்வதம்மா. முன் சீட்டுகளுக்கு நடுவே பின்பக்கம் பார்த்தபடி காற்று வரும் ஒரு சட்டம் இருந்தது. அதன் ஓரத்தில் பிளாஸ்டிக்கில் பல் வெட்டிய ஒரு குட்டிச் சக்கரம். விரலால் உருட்டினார். பின்னால் வந்த காற்று நின்றுவிட்டது.

"இது பட்டன்கூட இல்ல," என்றார். மறுபடி உருட்டித் திறந்தார், மூடினார். "ஒரு வருஷமா என் முட்டிக்கு நேரா இருந்திருக்கு!" சால்வையை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்தார். அவருக்குக் கோபமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தன என்று அத்தை சொன்னார்.

பிறகு அந்த அம்மா சித்தப்பாவிடம் நேராகக் கேட்டார். "இப்ப நல்லா பேசறியே. ஓட்டும்போதும் பேசுவியா?"

சித்தப்பா இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கஷ்டம்மா. கேஜுல ஆளுங்க உயிர் என் கையில. ஒரு வார்த்தை பேசினா கை தப்பும்னு பழகிட்டேன். நிறுத்திட்டுப் பேசறேன்."

"பெங்களூர்ல எத்தனை இடத்துல நிறுத்துவே? நிறுத்த விடுவாங்களா?" அவர் குரல் இறங்கியது. "மகன் காலையில போனா ராத்திரி வர்றான். மருமக அவ ஆபீசு. பேரப்பிள்ளைங்க இங்கிலீஷ்ல பேசுதுங்க, அதுவும் என்கிட்ட இல்ல. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போகும்போதுதான் வெளியே வர்றேன். பக்கத்து மனுசன்கூட நாலு வார்த்தை நம்ம ஊர் பேச்சுல பேசணும். அதுக்குத்தான் இந்த ஊர் டிரைவர் கேட்டேன். வண்டி யாரு வேணாலும் ஓட்டுவாங்கப்பா."

சித்தப்பா இடது காலின் செருப்பைக் கழற்றினார். அந்தக் கால் மறுபடி கிளச் தேடிப் போகாதபடி சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. கடைத்தெரு தாண்டும்வரை அமைதி. பூதிகோட்டை ரோட்டில் திரும்பிய பிறகு, தொண்டையைச் செருமினார்.

"அம்மா... இடது பக்கம் மாடு."

"மாட்டை நானும் பாக்கறேன். வேற சொல்லு."

வேறு சொல்ல வாயைத் திறந்ததும் அவர் கால் தானாக ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்தது. வண்டி ஊர்ந்தது. ஒரு டிராக்டர் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது. அதன் பின்னால் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். முன்பக்கம் ஏசி ஓடியும் சித்தப்பாவுக்கு வேர்த்தது. ஒரு வாக்கியம் சொல்வார், வண்டி நடக்கும். வாயை மூடுவார், ஓடும். மறுபடி ஒரு வாக்கியம். இப்படியே அவர் பெரிய பெண்ணுக்குக் கணக்கு வராதது, சித்தி மிக்சியை ஒளித்து வைத்தது, எல்லாம் துண்டு துண்டாக வெளியே வந்தன. மிக்சி கதைக்குப் பார்வதம்மா, "அவ செஞ்சது சரி," என்றார். தங்கை வீட்டில் சாப்பாடு காத்திருந்து ஆறிப்போயிருந்தது.

திரும்பி ராபர்ட்சன்பேட்டைக்கு வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சௌந்தரராஜன் வாசலில் நின்றிருந்தார். "என்னம்மா இவ்வளவு நேரம்? வண்டிக்கு ஏதாவது ஆச்சா?"

"மெதுவா ஓட்டறாரு. ரொம்ப மெதுவா," என்றார் பார்வதம்மா. "பேசிக்கிட்டே வந்தோம். அவரு உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

சித்தப்பா சொன்னார். ஆட்டோமேட்டிக் தெரியாதது, பஸ் முன்னால் பார்க்கிங் பிரேக்கை மிதித்தது, இரண்டையும் மறைக்காமல் சொன்னார். சௌந்தரராஜனின் முகம் மாறியது. குனிந்து டயரைப் பார்த்தார். "ஓட்டத்துல அதை மிதிச்சா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? அம்மா உள்ள இருக்காங்க!"

"தெரியும் சார். அதான் சொல்றேன்."

அவர் நிமிர்ந்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அசையவில்லை. கடைசியில், "எனக்கு நான் வேற டிரைவர் பாத்துக்கறேன்," என்றார். "இந்த வண்டியை ஒரு வாரம் எங்க வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளயே ஓட்டிப் பழகுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்த பிறகு, அம்மாவை மட்டும் கூட்டிட்டுப் போனா போதும். செவ்வாய்க்கிழமை வாங்க."

சித்தப்பா ஸ்கெலட்டனுக்கு நடந்தே வந்தார். சித்தி வாசலில் நின்று, "கெடச்சுதா?" என்றார். "பாதி," என்றார் அவர். மீதிப் பாதியை யார் தருவார்கள் என்று சித்தி கேட்கும்போதே உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனார்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் தெரிந்தவரின் மாருதி வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சித்தியையும் பெண்களையும் என்னையும் ஏறச் சொன்னார். வேன், தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டைச் சுற்றிப் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது.

"ஏதாச்சும் கேளுங்க," என்றார், ரோட்டைப் பார்த்தபடி. "சும்மா வராதீங்க. கேட்டுக்கினே வாங்க."

நாங்கள் முழித்தோம். சித்திதான் ஆரம்பித்தார்.

"ரேஷன்ல மண்ணெண்ணெய் வாங்கினீங்களா?"

வேன் மெதுவானது. சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"இல்ல," என்றார்.

"ஏன் வாங்கல?"

இந்தத் தடவை வேன் கொஞ்சம்தான் மெதுவானது. "மறந்துட்டேன். நீ இன்னாத்துக்கு ஞாபகப்படுத்தல?"

"ஓட்டும்போது எதிர்த்துப் பேசறீங்களா?" என்று சித்தி கத்தினார். பெண்கள் சிரித்தார்கள். வேன் அதே வேகத்தில் ஓடியது. சித்தப்பா வாயை மூடவில்லை. மண்ணெண்ணெய்க்காரன் எப்போதும் அளவைக் குறைக்கிறான் என்று ஆரம்பித்து, மேட்டைத் தாண்டி வளைவில் திரும்பும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.